புகையறி கருவியும் பஞ்சாயத்தின் கடமையும்

நம் கிராமங்களில் கட்டடங்களின் தோற்றம் மாறி வருகின்றது. கூரை வீடும் ஓட்டு வீடும் இருந்த தெருக்களில் இன்று இரண்டு மூன்று மாடிகள் எழுகின்றன. திருமண மண்டபம், தங்கும் விடுதி, சிறு மருத்துவமனை, மழலையர் பள்ளி, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான விடுதி ஆகியவற்றுக்கான வரைபடங்கள் பஞ்சாயத்து அலுவலகத்திற்கு வருகின்றன. அவற்றோடு இணைந்த காகிதங்களில் தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் என்ற தலைப்பின் கீழ்ப் புகையறி கருவி என்று எழுதியிருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருக்கக்கூடும். இக்கருவியை வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் எந்தக் கட்டடத்தைக் கேட்கின்றது, எதனைக் கேளாமல் விடுகின்றது, விட்டுவிட்ட இடத்தில் பஞ்சாயத்து என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே ஆராய்வோம். எடுத்துக்காட்டாக ஆரணியை அடுத்த சேவூரை மனத்திற் கொள்வோம். பட்டு நெசவு நடைபெறும் அவ்வூரில் வீடே தொழிற்கூடமாகவும் இருப்பதால் இக்கேள்வி அங்கே சற்றுக் கூர்மையாகவே எழுகின்றது.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். உள்ளங்கை அளவுள்ள வட்டமான பெட்டி அது. கூரையின் உட்புறத்தில் பொருத்தப்படுவது. அதன் உள்ளே இருள் சூழ்ந்த சிறு அறை ஒன்றும், அவ்வறையில் ஓர் ஒளிக்கதிரும், அக்கதிர் நேரே விழாத இடத்தில் ஓர் ஒளியுணர் கண்ணும் உண்டு. புகை உட்புகுந்தால் அதன் துகள்கள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. சிதறிய ஒளி கண்ணில் பட்டவுடன் மணி அலறுகின்றது. தீயை அணைப்பதற்கு இக்கருவியில் ஏதும் இல்லை. அது தருவது நேரம் ஒன்றையே. ஆயினும் அந்தச் சில நிமிடங்களில்தான் குழந்தையை எழுப்பித் தூக்கிக்கொண்டு வெளியேற முடிகின்றது.

உறங்குபவனின் மூக்கும் உறங்குகின்றது என்பதை நம்மில் பலர் அறியோம். புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்பியிருப்பது தவறு. எரியும் பொருளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு தங்க வேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்வதால், படுத்தவர் படுத்தபடியே நினைவிழக்கின்றார். தீவிபத்துகளில் உயிரிழப்போரில் பலர் சுடர் தம் உடலைத் தீண்டுமுன்பே புகையினால் மாள்கின்றனர். பட்டு நெசவூரில் இதனோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். பட்டு எளிதில் தீப்பற்றுவதில்லை. பற்றினாலும் சுடரை விலக்கியவுடன் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். மயிர் கருகுவது போன்ற நாற்றம் அதன் அடையாளம். ஆனால் பட்டும் கம்பளியும் நைட்ரஜன் கலந்த நார்கள். பெருந்தீயில் சிக்கி அவை எரியும்போது எழும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சும் கலந்திருக்கும். தறியின் மரச்சட்டம், ஜக்கார்டு அட்டைகள், பாலியெஸ்டர் கலந்த சரிகை, ரப்பர் நுரை மெத்தை ஆகியவை ஒரே கூடத்தில் கிடக்கும் வீட்டில் புகை எவ்வளவு விரைவில் திரளும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். இதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் பஞ்சாயத்துகளுக்கென 11-ஆவது அட்டவணையில் 29 பொருள்களை வகுத்தது. 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென 12-ஆவது அட்டவணையில் 18 பொருள்களை வகுத்தது. தீயணைப்புப் பணி பின்னதில் இருக்கின்றது, முன்னதில் இல்லை. வேளாண்மை, கிராமக் கைத்தொழில், வீட்டு வசதி எல்லாம் கிராமத்தின் அட்டவணையில் இடம்பெற, தீ மட்டும் நகரத்தின் கவலையாக எழுதப்பட்டுவிட்டது. கிராமத்தில் தீ நேர்வதில்லை என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எனினும் எழுத்தில் அவ்வாறே அமைந்தது. இதனால் பஞ்சாயத்துக்குப் பொறுப்பு இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. கட்டடத்திற்கு அனுமதி தரும் பணி பஞ்சாயத்தினிடம் உள்ளது. அனுமதியின் வழியே தீப்பாதுகாப்பும் அதன் கைக்கு வந்து சேர்கின்றது.

கட்டடங்களில் எவ்வகைத் தீப்பாதுகாப்பு வேண்டும் என்பதை விரிவாகக் கூறும் நூல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஆகும். இது 1970-இல் முதன்முதலாக வெளியாகி, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பெற்றது. 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின் நான்காம் பகுதி முழுவதும் தீயையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியது. ஆனால் இத்தொகுப்பு தானாகவே எவரையும் கட்டுப்படுத்துவது அன்று. மாநில அரசு தன் விதிகளில் அதனை எடுத்துக்கொள்ளும் அளவுக்கே அது சட்டமாகின்றது. தமிழ்நாட்டில் 1985-ஆம் ஆண்டுத் தீயணைப்புப் பணிச் சட்டமும், 2019 பிப்ரவரியில் வெளியான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இவ்வேலையைச் செய்தன. பின்னவை சென்னை மாநகருக்கும் சிற்றூருக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டவை. இவற்றுக்கு மிகவும் முற்பட்டது 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம். பள்ளி, விடுதி, திருமண மண்டபம் முதலிய பொதுக் கட்டடங்களுக்கு வட்டாட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்ற முறை அதனால் ஏற்பட்டது.

இவ்விதிகள் மூன்று கேள்விகளை வைத்துக் கட்டடங்களைப் பிரிக்கின்றன. கட்டடம் எவ்வளவு உயரம்? எவ்வளவு பரப்பு? அதில் யார், எதற்காக இருக்கின்றனர்? மூன்றாவது கேள்வியே முக்கியம் என்று நாம் கருதுகின்றோம். எழுந்து நடக்க இயலாத நோயாளிகள் படுத்திருக்கும் மருத்துவமனை, வழி அறியாத அயலூரார் உறங்கும் ஓட்டல் ஆகியவற்றில் தானே புகையை உணர்ந்து அறிவிக்கும் ஏற்பாட்டைத் தேசியத் தொகுப்பு வற்புறுத்துகின்றது. உயரம் கூடக்கூடத் தேவைகளும் கூடும். தேசியத் தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றை உயர்மாடிக் கட்டடம் என்றது. நம் மாநிலத்தின் 2019-ஆம் ஆண்டு விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை அவ்வாறு வகுத்தன. இரண்டு அளவுகோல்கள் இருப்பதை அறியாமல் விண்ணப்பதாரரோடு வாதாடுவது வீண். ஐயம் எழுந்தால் மாவட்டத் தீயணைப்பு அலுவலரைக் கேட்பதே தக்கது.

சட்டம் கேட்கும் கருவி எது என்பதிலும் தெளிவு வேண்டும். கடையில் தனியே வாங்கி ஆணியில் மாட்டும் பெட்டி வேறு. பெரிய கட்டடத்தில் ஒவ்வோர் அறையிலிருந்தும் கம்பி சென்று ஒரு கட்டுப்பாட்டுப் பலகையில் சேரும் முழு ஏற்பாடு வேறு. முன்னதில் மணியும் பெட்டியினுள்ளேயே இருக்கும். பின்னதில் எந்த அறையில் புகை என்பது பலகையில் தெரியும், கட்டடம் முழுவதும் மணி ஒலிக்கும். பின்னதனை எவ்வாறு தெரிந்தெடுத்து, எவ்வாறு பொருத்தி, எவ்வாறு பேணுவது என்பதை 2189 என்னும் எண்ணுள்ள இந்தியத் தர நியமம் கூறுகின்றது. மருத்துவமனைக் கட்டடத்திற்கு நான்கு தனிப்பெட்டிகளை வாங்கி மாட்டிவிட்டு, கருவி வைத்தாயிற்று என்று காட்டுவோரும் உண்டு. அதனை ஏற்கலாகாது.

ஒரு குடும்பம் வாழும் சிறு வீட்டுக்கு நம் நாட்டில் இக்கருவி கட்டாயம் அன்று. கடல் கடந்து வாழும் நம் உறவினர் நிலை வேறு. சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டப்படும் வீடுகள் யாவற்றிலும் தீயறிவிப்புக் கருவி இருக்க வேண்டும் என்று விதித்தனர். தமிழர் பெருகி வாழும் டொரன்டோ நகரை உள்ளடக்கிய ஒன்டாரியோ மாகாணத்தில், 2006-ஆம் ஆண்டு முதல் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், உறங்கும் அறைகளுக்கு வெளியிலும் வேலை செய்யும் கருவி இருப்பது சட்டத் தேவையாயிற்று. நம் மாநிலத்திலோ 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு உரிமையாளர் தாமே சான்று கூறி இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, நன்மையே. ஆனால் அவ்வீட்டை அனுமதிக்கு முன் எவரும் வந்து பார்ப்பதில்லை என்பதும் அதனோடு சேர்ந்த உண்மை. உறங்கும் அறைக்கு மாற்று வழி உண்டா, சன்னலில் திறவாத கம்பி உண்டா என்பவற்றை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொழில் நடக்கும் இடமாயிற்றே, தொழிற்சாலைச் சட்டம் காக்காதா என்று சேவூர் நெசவாளர் ஒருவர் கேட்டால், அதற்கும் விடை கூற வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தீ நேர்ந்தால் தப்பும் வழியைத் தன் 38-ஆவது பிரிவில் வற்புறுத்தியது. ஆனால் மின்விசை கொண்டு 10 பேர், மின்விசை இன்றி 20 பேர் வேலை செய்யும் இடமே அதன் கணக்கில் தொழிற்சாலை. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்தியது. கணவனும் மனைவியும் ஒரு குழித்தறியில் நெய்ய, தாயார் ஊடைக்கு நூல் சுற்ற, பிள்ளைகள் அதே கூடத்தில் படுத்துறங்கும் வீடு இவ்விரண்டிலும் அடங்காது. வீட்டுக்குரிய விதியும் அதனைத் தொடவில்லை, தொழிலுக்குரிய விதியும் தொடவில்லை. இவ்விடைவெளியே நம் கட்டுரையின் கவலை.

கருவி இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லித் திரிவது பொருந்தாது. நம் மாநிலத்தில் நேர்ந்த பெருந்துயரங்களைச் சற்று நிதானமாக நோக்குவோம். 2001 ஆகஸ்டு 6 அன்று விடியுமுன் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எந்த மணி ஒலித்தும் அவர்களுக்கு என்ன பயன்? 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றி, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மதிய உணவுச் சமையற்கூடத்திலிருந்து பரவிய தீ மாடி வகுப்பின் கீற்றுக்கூரையைப் பற்றி, 94 குழந்தைகளைக் கொண்டு சென்றது. பின்னிரண்டும் பகலில், எல்லாரும் விழித்திருக்க நேர்ந்தவை. தீ கண்ணுக்குத் தெரிந்தது, வழிதான் இல்லை. கீற்றுக்கூரையின் கீழ்ப் புகையறி கருவியை மாட்டுவதும், உடைந்த ஏரிக்கரையில் நீர் அளவைக் கல் நடுவதும் ஒன்றே. அங்கே வேண்டுவன கூரையை மாற்றுதல், அடுப்பை விலக்குதல், படிக்கட்டை அகலமாக்குதல்.

கும்பகோணத்துக்குப் பின் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்து, பாதுகாப்பான பள்ளியில் பயில்வது குழந்தையின் உரிமை என்று கூறியது. பள்ளிகள் தேசியத் தொகுப்பின் தீப்பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்றும் கட்டளையிட்டது. குற்ற வழக்கில் பள்ளி நிர்வாகத்தாரோடு கல்வித்துறை அலுவலரும் நகராட்சி அலுவலரும் குற்றம் சாட்டப்பட்டு நிற்க நேர்ந்தது. 2014 ஜூலையில் விசாரணை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனவும் 11 பேரை நிரபராதிகள் எனவும் கூறியது. நிரபராதியாக வெளிவந்தவர்களுக்கும் பத்தாண்டுகள் கழிந்தன. பாராமல் இடும் கையொப்பத்தின் எடை எவ்வளவு என்பதை அங்கத்தினர்கள் இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

கருவி உயிரைக் காத்திருக்கக்கூடிய இடங்கள் வேறு வகையானவை. அடைத்த சுவர், கான்கிரீட் கூரை, சாத்திய கதவு, உறங்கும் மக்கள்: இந்நான்கும் கூடும் இடம் அது. கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அன்று விடியற்காலையில், பெரிய மருத்துவமனை ஒன்றின் நிலவறையில் சேமித்திருந்த பொருள்கள் பற்றி, புகை மேல்தளங்களுக்கு ஏறி 90 பேர் அளவில் மாண்டனர். பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறந்தனர். வண்டி நிறுத்தவென அனுமதி பெற்ற நிலவறை அது. நம் மாநிலத்திலேயே 2024 செப்டம்பரில் மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் பரவிய தீயிலும் புகையிலும் பெண்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீ நேர்ந்து, ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தனர். மின்தூக்கிக்குள் சிக்கிப் புகையில் மயங்கியவர்களும் அவர்களுள் இருந்தனர். இவ்வகைக் கட்டடங்கள் நம் ஒன்றியங்களிலும் எழுந்துவிட்டன. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதை நினைவிற் கொண்டு, தெருவில் பெயர்ப்பலகை தொங்குவதைக் கண்டவுடன் உரிமத்தைக் காட்டச் சொல்லுவது பஞ்சாயத்துக்கு உரிய செயலே.

நெசவாளர் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே கருவியை விரும்பி வைப்போர் இடத்தைத் தெரிந்து வைக்க வேண்டும். விறகடுப்பு எரியும் சமையலறையில் மாட்டினால் நாள்தோறும் மூன்று வேளையும் அலறும். நான்காம் நாள் வீட்டார் அதன் மின்கலத்தைக் கழற்றி வானொலிப் பெட்டிக்குப் போட்டுவிடுவர். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையையும் அது தீயென்றே கொள்ளும். அதற்குப் புனிதம் தெரியாது. சாயம் காய்ச்சும் கொட்டகையில் எழும் ஆவியும், தறியடியில் பறக்கும் நூல் தூசியும் அதனை ஏமாற்றும். சமையலறைக்கும் சாயக் கொட்டகைக்கும் புகையை நோக்காமல் வெப்பம் ஏறுவதை நோக்கும் கருவி ஏற்றது. உறங்கும் கூடத்தின் கூரையில், சுவர் மூலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளிப் புகையறி கருவியை மாட்டலாம். தறி அங்கேயே இருந்தால், மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது தவிர்க்க முடியாதது. மாடி இருப்பின் படிக்கட்டின் தலைப்பில் இன்னொன்று வேண்டும்; புகை ஏறும் பாதை அதுவே. தனிப்பெட்டிகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கின்றன. ஒரு பட்டுச் சேலைக்கான கூலியில் இது சிறு பகுதியே என்றாலும், கூலி காலத்தில் வந்து சேராத வீட்டில் அதுவும் பாரம் என்பதை நாம் மறக்கவில்லை. வாங்க இயலாதவர் மெத்தையையும் நூற்கட்டையும் அடுப்பிலிருந்து விலக்கி, இரவில் பின்வாசலை வெளிப்பூட்டுப் போடாமல் உள்தாழ்ப்பாளோடு விட்டால், செலவின்றிப் பாதிப் பாதுகாப்புக் கிட்டும்.

கூட்டுறவுச் சங்கக் கிடங்கு, பாவும் சரிகையும் அடுக்கிய வியாபாரியின் அறை ஆகியவை வேறு கணக்கு. அங்கே இரவில் ஆள் இல்லை. ஆளில்லாத அறையில் மணி மட்டும் அலறினால் கேட்பவர் யார்? தெருவை நோக்கிய வெளிமணியோ, பொறுப்பாளரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் இணைப்போ இல்லாத கருவி அத்தகைய கிடங்குக்குப் பயன்படாது.

பேணுதலைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கருவிகளில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதந்தோறும் அழுத்திப் பார்க்க வேண்டும். மின்கலம் தளர்ந்தால் கருவி இடைவிட்டு இடைவிட்டுக் கீச்சொலி எழுப்பும். பத்தாண்டுகளில் கருவியையே மாற்றிவிட வேண்டும் என்பது அயல்நாடுகளில் நிலைபெற்ற நடைமுறை; பெட்டியின் பின்புறம் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைக் கொண்டு கணக்கிடலாம். மண்டபங்களிலும் விடுதிகளிலும் வெள்ளையடிக்கும்போது கருவியின் மேல் உறை மாட்டி, வேலை முடிந்தபின் கழற்ற மறந்துவிடுவதுண்டு. உறை மாட்டிய கருவி சான்றிதழில் இருக்கும், கூரையிலும் இருக்கும், தீயின்போது ஊமையாக இருக்கும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை செலவு மிக்கவை அல்ல. ஊர் எல்லைக்குள் பத்துப் பேருக்கு மேல் இரவில் தங்கும் கட்டடங்கள் எவை என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தீயணைப்புத் துறைச் சான்றின் முடிவு நாளையும், பொதுக் கட்டட உரிமத்தின் முடிவு நாளையும் குறித்து வைக்கலாம். அதனை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் படித்துக் காட்டலாம். நாள் கடந்தவை இருந்தால் வட்டாட்சியருக்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் எழுத்தில் தெரிவித்து, எழுதியதன் படியைக் கோப்பில் வைக்க வேண்டும். புதிய மண்டபத்துக்கோ விடுதிக்கோ விண்ணப்பம் வரும்போது, வரைபடத்தை மேசையில் பார்ப்பதோடு நில்லாமல், கட்டடம் முடிந்தபின் இரு அங்கத்தினர்கள் நேரே சென்று சோதனைப் பொத்தானை அழுத்தச் செய்து மணி கடைசி அறை வரை கேட்கின்றதா என்று கேட்டுப் பார்க்கலாம். அப்போதே இரண்டாவது படிக்கட்டின் கதவையும் தள்ளிப் பார்ப்பது நன்று. அக்கதவின் பின்னால் நாற்காலிகளை அடுக்கி வைப்பது மண்டபத்தாரின் பழக்கம்.

ஆரணி போன்ற பக்கத்து நகரிலிருந்து தீயணைப்பு வண்டி புறப்பட்டு வந்தாலும், நெசவுத் தெருவின் முனையில் பாவு விரிக்க நட்ட கம்பங்களும் நிறுத்திய வண்டிகளும் இருந்தால் அது உள்ளே நுழையாது. வண்டி எந்த வழியாக வர முடியும் என்பதை நிலைய அலுவலரை ஒருமுறை அழைத்துத் தெருத்தெருவாக நடந்து முடிவு செய்து, அவ்வழியைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அதன் கீழே 101, 112 என்னும் அழைப்பு எண்களும், தெருவை எளிதில் அடையாளம் சொல்லக்கூடிய கோயில் அல்லது பள்ளியின் பெயரும் இருக்கட்டும்.